மிடில் ஸ்கூல் புள்ளிவிவரம்: எண் சரி, அர்த்தம் தப்பு

அமெரிக்க அரசுப் பள்ளிகளின், குறிப்பாக ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மிடில் ஸ்கூல்களின், தேர்வு முடிவுகளையும் மாணவர் விவரங்களையும் அலசும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், வீடு வாங்குமுன் பள்ளியைத் துருவிப் பார்க்கும் பெற்றோரும் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். பழைய ஆட்களான நாங்கள் வழுக்கிய அதே இடங்கள். சதவீதத்தைத் தப்பாகப் போடுவது, கோப்பு மாறிப்போவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரம் வேலை பார்த்தால் தானாகச் சரியாகிவிடும்.

எட்டாம் வகுப்புக் கணிதம்

ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் தேறியிருப்பார்கள், எட்டாம் வகுப்பில் கால்வாசிதான். உடனே “எட்டாம் வகுப்பு கணக்கு டீச்சர் சரியில்லை” என்று தீர்ப்பு வந்துவிடும்.

பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளிப் பாடமான அல்ஜீப்ரா 1-ஐ எட்டாம் வகுப்பிலேயே படிக்கும் பிள்ளைகள் எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வை எழுதுவதில்லை. அந்தப் பாடத்துக்கான இறுதித் தேர்வை எழுதுகிறார்கள். 2015-ல் வந்த எஸ்ஸா (ESSA) என்கிற மத்திய அரசின் பள்ளிக் கல்விச் சட்டமே இதற்கு இடம் தருகிறது. ஆக, கணக்கில் கெட்டிக்காரர்கள் வேறு தேர்வுக்குப் போன பிறகு மிச்சமிருப்பவர்களின் சதவீதத்தைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். நிறையப் பிள்ளைகளை அல்ஜீப்ராவுக்குத் தயார்படுத்தும் பள்ளிக்கு இந்த எண் இன்னும் மோசமாக இருக்கும். அல்ஜீப்ரா முடிவையும் பக்கத்தில் வைக்காமல் எட்டாம் வகுப்புக் கணிதத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

இலவச மதிய உணவுச் சதவீதம்

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

பள்ளியில் எத்தனை பேர் ஏழைகள் என்று காட்ட எல்லோரும் கை வைக்கும் எண் இது. அடிப்படை எளிது: குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம், 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. பெற்றோர் படிவம் நிரப்பித் தருவார்கள், பள்ளி எண்ணிச் சொல்லும். வெகுகாலம் இந்த எண்ணைத்தான் வறுமைக்கு அளவாக வைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு சிஇபி (CEP) என்கிற பள்ளி உணவுத் திட்டம் வந்தது. 2010-ல் இயற்றிய சட்டத்தில் பிறந்து, 2014–15 கல்வியாண்டில் நாடு முழுவதற்கும் திறந்துவிடப்பட்டது. ஸ்னாப் (SNAP) என்கிற உணவு உதவி போன்ற அரசு உதவிகளில் ஏற்கெனவே பெயர் இருப்பதால் படிவமே இல்லாமல் நேரடித் தகுதி பெறும் பிள்ளைகள் 40 சதவீதம் இருக்கும் பள்ளி இதில் சேர்ந்தால், அங்குள்ள அத்தனை பேருக்கும் சாப்பாடு இலவசம். 2023-ல் அந்த வரம்பு 25 சதவீதமாக இறங்கியது. நல்ல திட்டம்தான். சாப்பாட்டு வரிசையில் எந்தப் பிள்ளை ஏழை என்று யாருக்கும் தெரியாது. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வில்லங்கம் புள்ளிவிவரத்தில்தான். இந்தத் திட்டத்தில் சேர்ந்த பள்ளியைச் சில மாநிலங்கள் 100 சதவீதம் என்றே பதிகின்றன. சில மாநிலங்கள் நேரடித் தகுதி பெற்றவர்களை 1.6-ஆல் பெருக்கிப் பதிகின்றன. வேறு சில நேரடித் தகுதி எண்ணிக்கையை அப்படியே தருகின்றன. மூன்று கணக்கும் ஒரே தலைப்பின் கீழ் வந்து உட்காருகின்றன.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் “வறுமையை வென்ற பள்ளிகள்” என்று ஒரு பட்டியல் போட்டார். முதலிடத்தில் ஒரு மிடில் ஸ்கூல்: மாணவர்கள் 100 சதவீதம் ஏழைகள், தேர்ச்சியோ மாவட்டச் சராசரிக்கு மேலே. முந்தைய ஆண்டுக் கோப்பைத் திறந்திருந்தால் அதே பள்ளி அறுபதுக்கும் கீழே இருந்தது தெரிந்திருக்கும். பிள்ளைகள் மாறவில்லை, தெருக்கள் மாறவில்லை, மதிப்பெண்ணும் ஏறக்குறைய அதேதான். அந்த ஆண்டு பள்ளி சிஇபியில் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பட்டியல் கல்வி வாரியக் கூட்டத்துக்குப் போனது. கைதட்டல். அடுத்து ஒரு கேள்வி: “அவர்களால் முடிகிறது, பக்கத்துப் பள்ளியால் ஏன் முடியவில்லை?” பக்கத்துப் பள்ளி இன்னும் படிவம் வாங்கிக்கொண்டிருந்ததால் காகிதத்தில் வசதியான பள்ளியாகத் தெரிந்தது. அங்கிருந்த வாசிப்புப் பயிற்சி ஆசிரியர் பணியிடத்தை எடுத்து வேறு இடத்துக்குக் கொடுத்தார்கள். உண்மை புரிந்தபோது பாதிக் கல்வியாண்டு ஓடிவிட்டது. அந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு அதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பணமும் இதில் சிக்கியிருக்கிறது. ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் டைட்டில் ஒன் நிதியைப் பங்கிடும்போது 75 சதவீதத்துக்கு மேல் வறுமை உள்ள பள்ளிகளுக்குத்தான் முதலில் தர வேண்டும் என்பது சட்டம். எந்தக் கணக்கால் ஒரு பள்ளி 75-ஐத் தாண்டியது என்று கேட்காமல் எப்படிப் பங்கிடுவது?

தலைகீழாகவும் நடக்கும். கலிஃபோர்னியா 2022–23 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சாப்பாட்டை இலவசமாக்கியது. சாப்பாடு எப்படியும் கிடைக்கும் என்றால் வருமானப் படிவத்தை யார் மெனக்கெட்டு நிரப்புவார்கள்? படிவம் குறைந்தால் பள்ளி திடீரென்று பணக்காரப் பள்ளி ஆகிவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தத் தாளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரிய விஷயம். பாதித் தாள்கள் புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்துபோகும்.

எனவே பள்ளி சிஇபியில் இருக்கிறதா, எந்த ஆண்டு சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். நேரடித் தகுதி எண்ணிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சேர்வதற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

ஆங்கிலம் கற்போர் பிரிவு

இந்தப் பிரிவின் மதிப்பெண் எல்லாப் பள்ளியிலும் தாழ்ந்துதான் இருக்கும். ஆங்கிலம் நன்றாக வந்துவிட்ட பிள்ளை பிரிவைவிட்டு வெளியேறிவிடுகிறது. அதன் இடத்துக்கு நேற்று விமானத்தில் வந்திறங்கிய பிள்ளை வருகிறது. பள்ளி எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த எண் ஏறாது. வெளியேறியவர்களை நான்கு ஆண்டுகள் வரை இதே பிரிவில் சேர்த்துக்கொள்ள எஸ்ஸா அனுமதிக்கிறது. உங்கள் மாநிலம் சேர்க்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். மிடில் ஸ்கூலில் இன்னொன்றும் உண்டு: தொடக்கப் பள்ளியிலேயே தேறியவர்கள் போக, ஆண்டுக்கணக்கில் தேறாமல் தங்கிவிட்டவர்களும் புதிதாக வந்தவர்களும்தான் ஆறாம் வகுப்பில் இந்தப் பெயரோடு இருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு.

நட்சத்திரக் குறி

எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் பூஜ்யம் என்று பொருளில்லை. பிரிவு சிறியது, தனிப்பட்ட பிள்ளை யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் மறைத்திருக்கிறார்கள். மறைக்காத சிறு பிரிவிலும் கவனம் வேண்டும்: 12 பேர் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே எட்டுப் புள்ளி ஆடும்.

2020

வசந்தகாலத் தேர்வு நடக்கவில்லை. 2021-ல் பல இடங்களில் நிறையப் பேர் எழுதவில்லை. எழுதியவர் விகிதத்தைப் பார்க்காமல் 2019-ஓடு ஒப்பிடாதீர்கள்.

நேப் தேர்வு

நேப் (NAEP) என்பது நாடு தழுவிய மாதிரித் தேர்வு. அதில் உங்கள் பள்ளிக்கென்று மதிப்பெண் கிடையாது. தேடாதீர்கள்.

“ஆசியர்” கட்டம்

நம்மவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பொறியாளர் வீட்டுப் பிள்ளையும், அகதியாக வந்த குடும்பத்துப் பிள்ளையும் அந்த ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள்; சராசரி இரண்டு பேரையும் மறைக்கும். 2010–11-க்குள் பள்ளிகள் பிள்ளைகளின் இனத்தைப் பதிய ஏழு பிரிவு முறைக்கு மாறின. அதற்கு முன்பு பசிபிக் தீவினர் ஆசியரோடு ஒன்றாக இருந்தார்கள். மாறிய பிறகு தனிப் பிரிவு. “இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனம்” என்பதும் அப்போதுதான் புதிதாக வந்தது. ஹிஸ்பானிக் என்று குறித்த பிள்ளை எந்த இனமாக இருந்தாலும் ஹிஸ்பானிக் கட்டத்துக்கே போகும். அந்த ஆண்டை ஒட்டி ஒரு பிரிவு சுருங்கியிருந்தால், பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனார்களா, பக்கத்துக் கட்டத்துக்குப் போனார்களா என்று பள்ளியின் மொத்தச் சேர்க்கை எண்ணிக்கையை வைத்துச் சரிபாருங்கள்.