அணையின் நீர்மட்டத்தில் ஓர் அல்காரிதம்: முதலாண்டு மாணவர்களுக்கு

பொறியியல் முதலாண்டில் பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடம் தொடங்கியதும், கேள்வியைப் பாதி படித்த நிலையிலேயே விசைப்பலகையில் கை வைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிடுகிறது. இந்தப் பாடத்தின் பெரும்பகுதிக்குக் கணினி தேவையில்லை. ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும் போதும்.

நெல்லைப் பக்கம் நாளிதழ் படிப்பவர்களுக்கு அணை நிலவரம் புதிதல்ல. கார் நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்ப்பவர்கள், 143 அடி உயரமுள்ள பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தான் முதலில் தேடுவார்கள். நமது கணக்கும் அதுவே: தொடர்ந்து சில நாள்களின் நீர்மட்டம் தரப்பட்டால், எந்த நாளில் மட்டம் மிக அதிகமாக உயர்ந்தது?

முதலில், கையில் இருப்பது என்ன, வேண்டியது என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். சாரல் பிடித்த ஒரு வாரத்தில் ஆறு நாள்களின் மட்டம் 84, 86, 91, 90, 94, 95 அடி என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கற்பனையே). ஒவ்வொரு நாளின் மட்டத்திலிருந்தும் முந்தைய நாளின் மட்டத்தைக் கழித்தால் 2, 5, −1, 4, 1 என வருகிறது. ஆறு அளவுகளுக்கு ஐந்து வித்தியாசங்களே உண்டு என்பதைக் கவனியுங்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதியான லூப், ஒரு சுற்று கூடுதலாகவோ குறைவாகவோ ஓடும் பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அடுத்து, 5 தான் பெரியது என்று நாம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறோம்; கணினியால் அப்படிப் பார்க்க இயலாது. ஒருவர் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கேட்டவற்றில் பெரிய எண்ணை மட்டும் மனத்தில் வைத்திருந்தால் போதும் அல்லவா? அந்த எண்ணை வைத்திருக்கும் இடமே மாறி. அதற்கு 'உச்சம்' என்று பெயரிட்டு, அல்காரிதத்தை, அதாவது கணக்கைத் தீர்க்கும் படிகளை, வரிசையாக எழுதுவோம்:

1. உச்சத்தில் 0 வை.
2. பட்டியலிலிருந்து வித்தியாசங்களை ஒவ்வொன்றாக எடு.
3. எடுத்த எண் உச்சத்தைவிடப் பெரியதானால், உச்சத்தில் அதை வை.
4. பட்டியல் முடிந்ததும் உச்சத்தை அச்சிடு.

இதைக் கையால் ஓட்டிப் பார்த்தால் உச்சத்தின் மதிப்பு 0, 2, 5, 5, 5, 5 என்று நகர்ந்து, விடை சரியாகவே வருகிறது. இத்துடன் நிறுத்திவிட்டுத்தான் முதலாண்டுச் செய்முறைத் தேர்வில் நான் மாட்டிக்கொண்டேன். நான் சோதித்த எண்களில் பாதிக்கு மேல் நேர் எண்களாக இருந்தன. தேர்வாளரோ குறை எண்களை மட்டுமே கொடுத்தார்.

கோடையில் மட்டம் 62, 60, 59, 56, 55 என்று இறங்குவதாகக் கொள்வோம். வித்தியாசங்கள் −2, −1, −3, −1. எதுவும் 0-வைவிடப் பெரியதல்ல என்பதால் மூன்றாம் படி ஒருமுறைகூட நிறைவேறாது. பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக அச்சாகும். கணினி பிழைச் செய்தி எதுவும் காட்டாது என்பதால், இத்தகைய தவற்றைத் தாளில் ஓட்டிப் பார்ப்பவர்தான் எளிதில் பிடிக்க முடியும்.

திருத்தம் சிறியது: உச்சத்தில் 0-க்குப் பதிலாகப் பட்டியலின் முதல் எண்ணை வைத்து, இரண்டாம் எண்ணிலிருந்து ஒப்பிடத் தொடங்க வேண்டும். ஆனால் முதல் எண்ணே இல்லாத வெற்றுப் பட்டியல் வந்தால் இது உடைந்துவிடும். ஆகவே பட்டியலில் ஏதேனும் இருக்கிறதா என்று அனைத்துக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி எந்த நாள் என்பதால், 'நாள்' என்று இன்னொரு மாறியும் வேண்டும். உச்சம் மாறும்போதெல்லாம் அதுவும் மாற வேண்டும். கோடைக் கணக்கில் −1 இருமுறை வருகிறது. 'பெரியதானால்' என்று ஒப்பிட்டால் முதலில் வந்த நாள் நிலைக்கும். 'பெரியதாகவோ சமமாகவோ இருந்தால்' என்று எழுதினால் கடைசியாக வந்த நாள் கிடைக்கும். எது வேண்டும் என்பதைக் கேள்வியைப் படித்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதன் செலவையும் எண்ணிவிடலாம்: 365 நாள் அளவுகளுக்கு 364 வித்தியாசங்கள், 363 ஒப்பீடுகள். பட்டியல் இரு மடங்கானால் வேலையும் ஏறத்தாழ இரு மடங்காகும்.

இப்போது பைத்தானுக்குப் போகலாம். பெரிய எண்ணைத் தரும் கட்டளை அதில் ஆயத்தமாகவே உண்டு. பயிலும்போது அதைத் தொடாதீர்கள். அச்சிடும் வரி லூப்பின் உள்ளே தள்ளி அமைந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விடை அச்சாகும் என்பதால், அந்த வரியை லூப்புக்கு வெளியே இடது ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பயிற்சியாக, இதே எண்களில் இரண்டாவது பெரிய உயர்வைக் கண்டுபிடியுங்கள்; அதற்கான மாறியில் தொடக்கத்தில் எதை வைப்பது என்பதைத் தாளில் தீர்த்துவிட்டே விசைப்பலகைக்கு வாருங்கள்.