காரைக்குடிப் பெண், பிரெஞ்சுக் குடும்பப் பெயர்

"பேரையும் மாத்தணுமாத்தா?" என்றுதான் அப்பத்தா முதலில் கேட்டார். மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. என் வீட்டுக்காரரின் பிரான்சிலும் பிறப்புப் பெயர்தான் சட்டப்படி கடைசிவரை. கணவரின் குடும்பப் பெயர் விருப்பப்பட்டால் புழங்கிக்கொள்வதற்கு மட்டுமே. இதை முன்பே படித்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இருந்தாலும் மாற்றுவதாக இருந்தால், முதலில் கல்யாணப் பதிவு. 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். சான்றிதழில் அவர் பெயரை அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எங்களுக்கு ஓர் எழுத்து தவறி, திருத்த இரண்டு மாதம் ஆனது. கையெழுத்துப் போடும் முன் பார்த்திருக்கலாம், என் தப்புதான்.

அடுத்து நம் ஊர்த் தலைவலி: இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதச் சொல்வார்கள். அப்பா பெயரை வைத்துக்கொள்வதா, விடுவதா என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டுப் போங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் அவசரம் வேண்டாம். அப்புறம் பான், வங்கிக் கணக்கு.

பாஸ்போர்ட்டில் பேனாவால் திருத்த மாட்டார்கள், புதிதாகவே தருவார்கள். நமக்கு மதுரை அலுவலகம். பழையதில் விசா இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள். விமான டிக்கெட்டைப் புதுப் பெயர் கைக்கு வந்தபிறகு எடுங்கள்.

அப்பத்தாவுக்கு இன்னும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.