பாலி வயற்கிராமத்தில் கேமராவோடு மெல்ல நடக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலித் தீவின் ஜாத்திலுவி, பெங்லிபுரான், சிடெமென் மூன்று ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கார் பேசுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கிறது. அவசரத்தில் போகிறவர் யாரிடமும் பேசுவதில்லை, எதற்கும் காத்திருப்பதில்லை, தூரத்திலிருந்து சுட்டுவிட்டு வண்டியேறுகிறார். ஒரே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதை போதும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, மறுநாள் காலையில் இன்னொரு முறை அதே பாதையில் நடங்கள். இரவு அந்த ஊரிலேயே தங்குவது அவசியம். தென்கரை விடுதியிலிருந்து கிளம்பினால் ஜாத்திலுவிக்கு மலைச்சாலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். போய்ச் சேரும்போது நல்ல வெளிச்சம் போயிருக்கும்.

பாலி பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 5.50-க்கும் 6.35-க்கும் இடையில்தான். உதித்த சூரியன் செங்குத்தாக மேலேறுவதால் எட்டரை மணிக்கெல்லாம் நிழல்கள் கறுத்து முகங்களில் கண்குழி விழுந்துவிடும். ஜாத்திலுவி, பத்துகாரு மலையின் சரிவில் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முற்பகல் ஏற ஏற அங்கே மேகம் கூடும். வயல் நிலக்காட்சி வேண்டுமென்றால் விடியலில் எடுங்கள். மேகம் மூடியதும் மனிதர்களை, கைகளை, வீட்டு முகப்பை எடுங்கள். அந்த மிதமான வெளிச்சம் அதற்குத்தான் பொருந்தும்.

பருவம் பார்க்காமல் போவது அடுத்த பெரிய தவறு. இணையத்தில் பார்த்த பச்சைப் படிக்கட்டு எல்லா மாதமும் இருக்காது. ஜாத்திலுவியில் நெடுந்தாள் சிவப்பு நெல்லை ஆண்டின் தொடக்கத்தில் நட்டு நடுப்பகுதியில் அறுக்கிறார்கள். அதன்பின் குறுகியகால ரகம் வரும். எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு என்பதைச் சுபாக் என்ற பாசனக் கூட்டமைப்பு முடிவு செய்கிறது. அதன் தலைவர் பெகாசே. பூச்சித்தொல்லையைக் கட்டுப்படுத்தவும் அண்டை வயல்களில் ஒன்றாக நட்டு, ஒன்றாகத் தரிசு போடுவது வழக்கம். அதனால் ஒரு சரிவு முழுக்க ஒரே நிறத்தில் இருக்கலாம். கிளம்புவதற்கு முன் தங்கப்போகும் வீட்டாரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: வயலில் இப்போது தண்ணீரா, நாற்றா, கதிரா, தாளா? யுனெஸ்கோ 2012-இல் பாலியின் நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த நீர்ப்பங்கீட்டு முறைக்காகவும்தான். மடையும் வாய்க்காலும் இல்லாத படம் பாதிக் கதையையே சொல்லும்.

காலையில் ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும், திட்டுத்திட்டாகத் தேய்ந்தும் போகும். தெளிய இருபது, முப்பது நிமிடம் ஆகலாம். அதற்குள் உதயம் முடிந்திருக்கும். இரவே கேமராவைக் காற்றுப்புகாத உறையில் கட்டி வைத்து, கிளம்புவதற்கு அரைமணி முன் உறையோடு வெளியே வைத்துவிடுங்கள். பனி படிந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். ஈரம் உள்ளே போய்ச் சென்சாரில் படியும்.

அகலக்கோண லென்ஸ் ஒன்றே போதும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. 16 மில்லிமீட்டரில் எடுத்தால் எதிர்ச்சரிவின் படிக்கட்டுகள் மெல்லிய கோடுகளாகக் கரைந்துவிடும். அடுக்கின்மேல் அடுக்கு தெரிய வேண்டுமென்றால் 70 முதல் 200 வரை உள்ள லென்ஸ் வேண்டும். மனிதர்களுக்கு 35 அல்லது 50. இரண்டு லென்ஸுக்குமேல் சுமக்க வேண்டாம்.

போலரைசர் வடிகட்டியை நாள் முழுக்க மாட்டி வைப்பதும் கூடாது. நீர் நிரம்பிய வயலில் வானம் பிரதிபலிப்பதுதான் படமே. வடிகட்டி அதைத் துடைத்து வெறும் சேற்றைக் காட்டிவிடும். பயிர் வளர்ந்தபின் இலைமேல் விழும் வெள்ளை மினுக்கத்தைக் குறைக்க அது உதவும். நீர் மின்னும் வயலில் கேமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) 0.7 ஸ்டாப் குறையுங்கள். பளீரென்ற வானத்துக்கு எதிரே நிழலில் நிற்பவரை எடுக்கும்போது 1 ஸ்டாப் கூட்டுங்கள். இல்லையென்றால் முகம் கருகிப்போகும்.

வரப்பு நடைபாதை அல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் மண்சுவர். முக்காலியை அதன் ஓரத்தில் ஊன்றினால் கால் புதைந்து விளிம்பு உடையும். மேல்வயலின் நீர் கீழே இறங்கிவிடும். உழவருக்கு ஒருநாள் வேலை கூடும். ஈரச்சேறு பூசிய பளபளப்பான வரப்பில் கால் வைக்கவே வேண்டாம். மற்றதில் ஒருவர்பின் ஒருவராக நடுவில் நடங்கள். சுமையோடு வருபவருக்கு நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். வயல் மூலையில் இருக்கும் சிறு படையல் மேடையில் கேமராப் பையை வைத்துவிடாதீர்கள். அது சாமிக்கு உரியது.

நெடுந்தாள் நெல்லை அறுக்க அனி-அனி என்ற உள்ளங்கைக் கத்தி உண்டு. கதிர் கதிராகக் கொய்து கட்டுகிறார்கள். கத்தி கைக்குள்ளே ஒளிந்திருப்பதால் நேர் எதிரில் நின்றால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி முழங்காலிட்டு, 1/250 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டரில் எடுங்கள். வாத்துக்கூட்டத்தை மேய்ப்பவர் வந்தால் குறுக்கே புகாமல் ஒதுங்கி நில்லுங்கள். கலைந்தால் கூட்டிச் சேர்ப்பது அவர்பாடு.

வீட்டு வாசலிலும் கடைமுன்னும் தரையில் சானாங் சாரி என்ற படையல் இருக்கும்: ஓலைத்தட்டு, பூக்கள், ஊதுவத்தி. அதை மிதிக்காதீர்கள், தாண்டவும் வேண்டாம். அதைவிடப் பெரிய தவறு, படத்துக்கு வாகாகத் தட்டைத் திருப்பி வைப்பது. பூக்களின் நிறம் திசையைச் சொல்கிறது: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. தட்டைத் திருப்பினால் அந்த முறையே குலைந்துவிடும். வெளிச்சம் சரியில்லையென்றால் நீங்கள் சுற்றி வாருங்கள். படையலிடும் பெண் தீர்த்தம் தெளித்துக் கையசைத்து முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.

முகத்தை எடுக்குமுன் “பெர்மிசி” என்று சொல்லி, “போலே சாயா ஃபோட்டோ?” என்று கேளுங்கள். “போலே” என்றால் சரி. “மாலு” என்றால் கூச்சமாக இருக்கிறது என்று பொருள். கேமராவைத் தாழ்த்தி, நன்றி சொல்லி நகருங்கள். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடப்பட்டும் சிரிப்பார்கள். குழந்தையை எடுக்கப் பெற்றோரிடம் கேளுங்கள், மிட்டாய் கொடுத்து வரவழைக்காதீர்கள். அங்குல்-அங்குல் எனும் வீட்டு வாயிலுக்குப் பின்னால் அலிங்-அலிங் என்ற மறைப்புச் சுவர் இருக்கும். அதைச் சுற்றி லென்ஸை நீட்டுவது அத்துமீறல்.

கோயிலுக்குள் கமென் வேட்டியும் இடையில் செலெண்டாங் துணியும் கட்டாயம். மாதவிலக்கிலும் ரத்தம் கசியும் காயத்தோடும் நுழைவதில்லை. பூசை செய்யும் பெமாங்குவைவிட உயரமான இடத்தில் நிற்காதீர்கள், கும்பிடுபவர் முன்னால் நடக்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். மார்ச் வாக்கில் வரும் நியேப்பி எனும் மௌன நாளில் தெருவில் இறங்கவே அனுமதியில்லை. பயணத்தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

நாய்கள் முன்னால் திடீரெனக் குனியாதீர்கள். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. சிறு கீறலானாலும் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள்.

மாலையில் வாய்க்காலோரம் குளிப்பவர்களைக் காண்பீர்கள். அது திறந்தவெளிதான், ஆனால் வழியில் போகிறவர்கள் பார்க்காததுபோல் கடந்துபோவது அங்குள்ள மரியாதை. வளைவு வருமுன்பே லென்ஸ் மூடியைப் போட்டு, கேமராவை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு நடங்கள்.