சான் பிரான்சிஸ்கோவுக்கு முதல் பயணம்: ஏற்ற இறக்கம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

வரைபடத்தில் பார்த்தால் சான் பிரான்சிஸ்கோ, நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கொண்ட, மூன்று பக்கம் நீர் சூழ்ந்த சிறிய நகரமாகவே தெரியும். தெருக்களும் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக ஓடும். அதை நம்பி, "ஒரு கிலோமீட்டர்தானே, நடந்தே போய்விடலாம்" என்று கிளம்புபவர்கள் இரண்டாவது தெருமுனையிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளைச் சுற்றிக்கொண்டு போகாமல், பெரும்பாலும் அவற்றின் மேலேயே தெருக்களை நேராகப் போட்டுவிட்டதுதான் காரணம். ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 விழுக்காடு சரிவு கொண்டது. அங்கே 10 மீட்டர் முன்னே நகர்ந்தால் 3 மீட்டருக்கு மேல் ஏறியிருப்போம். ஆகவே இந்நகருக்கான திட்டத்தைத் தூரத்தை வைத்துப் போடாதீர்கள். உயரத்தையும் மூடுபனியையும் வைத்துப் போடுங்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

கோடை விடுமுறைக்குத்தானே போக முடியும் என்று பலரும் ஜூலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த மாதத்தில்தான் இந்நகரம் குளிர்ந்து கிடக்கிறது. கலிபோர்னியாவின் உட்பகுதிச் சமவெளி கடும் வெயிலில் காய்ந்து, அங்குள்ள காற்று சூடாகி மேலெழும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே பாய்கிறது. குளிர்ந்த கடல்நீரின் மேல் வரும்போது அக்காற்றின் ஈரம் மூடுபனியாகி, கோல்டன் கேட் நீரிணையின் இடைவெளி வழியாக நகருக்குள் நுழைகிறது. ஜூலையில் பகல் வெப்பம் பல நாள்களில் 20 டிகிரி செல்சியஸைக்கூட எட்டுவதில்லை. வானம் தெளிந்து இதமான வெயில் அடிப்பது செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான்; முடிந்தால் அப்போது செல்லுங்கள். எந்த மாதமானாலும், காற்றுப் புகாத மேலங்கி ஒன்றைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருங்கள். மேற்கே சன்செட் பகுதி பனியில் மூழ்கியிருக்கும் அதே நேரத்தில், கிழக்கே மிஷன் பகுதியில் வெயில் காயும்.

படி 2: தங்குமிடம்

விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயிலில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் பவல் தெரு நிலையம் வந்துவிடும். முதல் பயணத்துக்கு அந்த நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கக்கூடிய விடுதியே போதும். முகவரியில் 'நாப் ஹில்' அல்லது 'ரஷ்யன் ஹில்' என்று இருந்தால், ஒவ்வொரு இரவும் களைத்த கால்களோடு குன்றேற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். பவல் நிலையத்துக்கு அருகிலுள்ள யூனியன் சதுக்கத்துக்கு மேற்கே ஒட்டியுள்ள டெண்டர்லாயின் பகுதியில் அறை வாடகை குறைவாகத் தெரியலாம். இரவில் தனியே நடந்து திரும்ப அது ஏற்ற இடம் அன்று.

படி 3: சீட்டு வாங்கியவற்றை மட்டும் நாள் குறித்து வையுங்கள்

1934 முதல் 1963 வரை கூட்டாட்சிச் சிறையாக இருந்த அல்கட்ராஸ் தீவுக்குப் படகுச் சீட்டுகள் பல நாள்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பயணத் தேதி முடிவானவுடன் முதலில் இதை வாங்குங்கள். படகு 33ஆம் எண் துறையிலிருந்து புறப்படும். தீவிலும் ஏற்றம் உண்டு: படகுத்துறையிலிருந்து சிறைக்கூடம் 130 அடி உயரத்தில், அதாவது 13 மாடிக் கட்டடத்தின் உயரத்தில் இருக்கிறது. செம்மரக் காடான மியூர் வுட்ஸுக்குக் காரில் செல்வதானால் வாகன நிறுத்தத்துக்கும் முன்பதிவு கட்டாயம். அங்கே கைப்பேசி அலைவரிசை கிடைக்காது என்பதால் பதிவுச் சீட்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்டன் கேட் பாலம், ட்வின் பீக்ஸ் போன்ற காட்சி இடங்களுக்கு நாள் குறிக்காதீர்கள். காலையில் எழுந்து, நகரின் மேல் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரமான சூட்ரோ கோபுரத்தைப் பாருங்கள். அடி முதல் நுனி வரை தெரிந்தால் அன்றே 28ஆம் எண் பேருந்தில் ஏறிப் பாலத்துக்குச் சென்றுவிடுங்கள். நுனி மட்டும் பனிக்கு மேல் மிதந்தால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

படி 4: மேலே வண்டியில் ஏறி, கீழே நடந்து இறங்குங்கள்

திட்டத்தின் உயிரே இதுதான். வரைபடச் செயலியில் இரு இடங்களுக்கு இடையே சைக்கிள் வழியைக் கேட்டால் ஏற்ற இறக்கம் கோடாகத் தெரியும். கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் பேருந்து, சரியும் இடத்தில் கால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளை இப்படி அமைக்கலாம். காலையில் கூட்டம் சேருமுன் பவல்-ஹைட் தடத்தில் தெருவில் ஓடும் கேபிள் காரில் ஏறி, லம்பார்ட் தெருவின் உச்சியில் இறங்குங்கள். எட்டு வளைவுகள் கொண்ட அந்தச் சரிவில் படி வழியாக இறங்கி, நார்த் பீச்சில் உள்ள வாஷிங்டன் சதுக்கம் வரை நடங்கள். அங்கிருந்து 39ஆம் எண் பேருந்து, குன்றின் மேலுள்ள காய்ட் கோபுரத்தின் அடிவரை ஏற்றிவிடும். கோபுரத்தைப் பார்த்தபின் கிழக்குப் பக்கம் ஃபில்பர்ட் படிக்கட்டுகளில் இறங்குங்கள். இருபுறமும் தோட்டங்கள், நடுவே மரப்படிகள், தலைக்கு மேல் கிளிக்கூட்டத்தின் கூச்சல் என்று, இந்நகரில் எனக்கு மிகவும் பிடித்த இறக்கம் இது. கீழே எம்பர்கடேரோ கடற்கரைச் சாலை சமதளம். 33ஆம் துறையும் அங்கே பக்கத்தில்தான். அல்கட்ராஸ் படகைப் பிற்பகலுக்கு வாங்கியிருந்தால் அப்படியே ஏறிவிடலாம்.

கேபிள் காரைப் பற்றி ஒரு சொல். 1873 முதல் இங்கே ஓடும் இந்த வண்டிகளுக்கு எஞ்சின் கிடையாது. தெருவுக்கு அடியில் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புக் கயிறு இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும்; ஓட்டுநர் நெம்புகோலை இழுத்ததும் வண்டியின் அடியிலுள்ள பிடி இடுக்கிபோல அந்தக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். பவல் தெரு முனையில் வண்டியைப் பணியாளர்கள் வட்ட மேடையில் வைத்துக் கையால் தள்ளித் திருப்புவார்கள். அதைப் பார்க்கவும் ஏறவும் அங்கே வரிசை நீளும். கலிபோர்னியா தெருத் தடத்தில் பெரும்பாலும் கூட்டம் குறைவு. கட்டணம் பேருந்தைவிடப் பல மடங்கு என்பதால், பலமுறை ஏறுவதானால் கேபிள் காரையும் உள்ளடக்கிய பயணிகள் பாஸ் வாங்குவது இலாபம். பார்ட் ரயிலுக்கு அந்தப் பாஸ் செல்லாது. அதற்குத் தனியே கட்டணம் செலுத்த வேண்டும்.

படி 5: கார் எடுத்தே ஆக வேண்டுமென்றால்

நகருக்குள் கார் வேண்டாம் என்பதே என் கருத்து. எடுத்தால், சரிவில் நிறுத்தும்போது முன்சக்கரங்களைத் திருப்பி வைப்பது இங்கே சட்டம். வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்த்திருந்தால் சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்புங்கள். ஏற்றத்தைப் பார்த்திருந்தால் சாலைப் பக்கம் திருப்பி, சக்கரத்தின் பின்விளிம்பு நடைபாதைக் கல்லில் மெல்லச் சாயும்வரை வண்டியை விடுங்கள். பிரேக் நழுவினாலும் கல் தாங்கிக்கொள்ளும். கண்ணாடியை உடைத்துத் திருடுவது இங்கே அடிக்கடி நடப்பதால், இருக்கையில் ஒரு துணிப்பையைக்கூட விட்டுச் செல்லாதீர்கள்.

படி 6: மேற்குக் கரைக்கு அரை நாள்

லேண்ட்ஸ் எண்ட் பாதையில் நடந்து, 1966இல் தீக்கிரையான சூட்ரோ நீச்சல் குளங்களின் இடிபாடுகளைப் பார்த்து, ஓஷன் பீச் மணலில் இறங்கலாம். நீரில் இறங்கக் கூடாது. கோடையிலும் நீர் நடுங்கவைக்கும் குளிர். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டமும் வலுவானது. படம் எடுத்துக்கொள்ளும்போதும் அலைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள்; குழந்தைகளின் கையை விடாதீர்கள்.