கேம் ரிவ்யூ படிச்சு நமக்கு செட் ஆகற கேம எப்படி கண்டுபிடிக்கறது

பிஎஸ்5ல புதுசா ஒரு பெரிய கேம் வந்தா 5000 ரூபாய் கிட்ட ஆகுது, பிசிலயும் 3000, 4000ன்னு போயிடுது, அதனால வாங்கறதுக்கு முன்னாடி எல்லாருமே ரிவ்யூ பாக்கறோம். ஆனா பாக்கறோம்னா என்ன, மெட்டாகிரிட்டிக் போய் பச்சை கட்டத்துல என்ன நம்பர் இருக்குன்னு பாத்துட்டு வந்துடறோம். எனக்கு தெரிஞ்சு ரிவ்யூல ரொம்ப உபயோகமான இடம் கிரிட்டிக் குறை சொல்ற இடம் தான், அந்த குறை உங்கள பாதிக்குமா பாதிக்காதான்னு யோசிச்சுட்டீங்கன்னா முக்கால்வாசி முடிவு ஆயிடுச்சு.

மொதல்ல அந்த நம்பர் எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுக்கங்க. மெட்டாகிரிட்டிக் 2001ல ஆரம்பிச்ச சைட், பத்திரிகைகளும் வெப்சைட்டுகளும் போடற மார்க்க எல்லாம் 100க்கு மாத்தி சராசரி எடுக்கறாங்க, ஆனா எல்லா மார்க்கையும் சமமா எடுத்துக்க மாட்டாங்க, சிலருக்கு கூட சிலருக்கு கம்மி, யாருக்கு எவ்ளோன்னு வெளிய சொல்றதும் இல்ல. ஓப்பன்கிரிட்டிக் 2015ல வந்தது, அது நேர் சராசரி, கூடவே எத்தனை சதவீதம் கிரிட்டிக்ஸ் இத விளையாடலாம்னு சொல்றாங்கன்னும் காட்டும், நான் பாக்கறது அத தான். இன்னொரு விஷயம், மெட்டாகிரிட்டிக்ல சினிமாவுக்கு 61 வந்தாலே பச்சை, கேமுக்கு 75 வந்தா தான் பச்சை, ஏன்னா கேம் ரிவ்யூல மார்க் பொதுவாவே தாராளமா விழும், 70ன்னா நம்ம ஊர்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி தெரியும், ஆனா கேம் உலகத்துல அது சுமார்னு அர்த்தம். எல்லாரும் அப்படி இல்ல, எட்ஜ் பத்திரிகைல 5ன்னா நெஜமாவே நடுத்தரம், 10 அங்க அபூர்வமா தான் விழும். ஜப்பான்ல ஃபாமிட்சூ இருக்கு, நாலு பேர் ஆளுக்கு 10 போட்டு மொத்தம் 40, 1998ல ஜெல்டா ஆக்கரினா ஆஃப் டைம் தான் மொதமொதல்ல 40க்கு 40 வாங்குச்சு, மெட்டாகிரிட்டிக்ல 99ஓட உச்சியில இருக்கறதும் அதே கேம் தான். யூரோகேமர் சைட் 2015ல மார்க்கே வேணாம்னு நிறுத்திட்டு 2023ல அஞ்சு ஸ்டாரோட திரும்ப வந்தாங்க, ராக் பேப்பர் ஷாட்கன் சைட் மார்க் போடறதே இல்ல. ஆக ஒருத்தரோட 7ம் இன்னொருத்தரோட 7ம் ஒன்னு கிடையாது.

அந்த நம்பருக்காக மனுஷங்க வயித்துல அடி விழுந்த கதையும் இருக்கு. 2010ல வந்த ஃபால்அவுட் நியூ வேகஸுக்கு மெட்டாகிரிட்டிக்ல 85 வந்தா போனஸ்னு அத செஞ்ச அப்சிடியன் ஸ்டூடியோவுக்கு பேச்சு, வந்தது 84. இன்னிக்கு ஆர்பிஜி, அதாவது ஒரு கேரக்டரா மாறி கதைய நடத்தற கேம், அதோட ரசிகர்கள கேட்டா அந்த சீரிஸ்லயே அது தான் பெஸ்ட்னு நெறைய பேர் சொல்வாங்க.

சரி இப்ப விஷயத்துக்கு வரேன். 2019ல வந்த டெத் ஸ்ட்ராண்டிங்க எடுத்துக்கங்க, ரிவ்யூ படிக்க கத்துக்கறதுக்கு இதவிட நல்ல கேம் கிடையாது. ஐஜிஎன் சைட் 10க்கு 6.8 கொடுத்தாங்க, ஃபாமிட்சூ 40க்கு 40 கொடுத்தாங்க. ஆனா ரெண்டு பக்கத்து ரிவ்யூவையும் உக்காந்து படிச்சீங்கன்னா கேம் என்னங்கறதுல யாருக்கும் கருத்து வேறுபாடே இல்ல. முதுகுல பொட்டி பொட்டியா சரக்க அடுக்கிட்டு கல்லும் பாறையுமா இருக்கற மலைல நடக்கணும், ஹீரோ இடது பக்கம் சாஞ்சா ஆர்2 பட்டன், வலது பக்கம் சாஞ்சா எல்2 பட்டன் அழுத்தி பேலன்ஸ் பண்ணனும், விட்டா விழுந்து சரக்கெல்லாம் உருண்டு ஓடும், மழை பெஞ்சா பொட்டி அரிச்சு போகும், ஆத்துல எறங்கறதுக்கு முன்னாடி ஆழம் எவ்ளோன்னு பாக்கணும், இது தான் கேம். புடிக்காதவங்க இத தான் சலிப்புன்னு எழுதினாங்க, புடிச்சவங்க இதே நடைய தான் தியானம் மாதிரி இருக்குன்னு எழுதினாங்க. நீங்க பாக்க வேண்டியது அந்த நடக்கற பகுதி விவரிச்சிருக்கறத படிக்கும்போது உங்களுக்கு ஆசை வருதா, இல்ல கொட்டாவி வருதான்னு மட்டும் தான். மெட்டாகிரிட்டிக்ல இருக்கற 82ங்கற சராசரி இதுல யாருக்குமே பொருந்தாது, ஏன்னா 82 அளவுக்கு ரசிச்சவங்கன்னு தேடினா கம்மியா தான் இருப்பாங்க, ஒன்னு உயிர், இல்லன்னா அறுவை.

அதனால நான் சொல்ற முறை இது. ஒரு கேம் பக்கத்துக்கு போனா மார்க் வரிசைல கீழேர்ந்து ஆரம்பிங்க, ரொம்ப கம்மி மார்க் போட்ட ஒரு ரிவ்யூவ முழுசா படிங்க, அதுல குறைன்னு சொல்றது என்ன மாதிரி குறைன்னு பாருங்க. பக் வருது, க்ராஷ் ஆகுது, சேவ் அழிஞ்சு போச்சுன்னா அது எல்லாருக்கும் குறை. மெதுவா போகுது, கஷ்டமா இருக்கு, நெறைய படிக்க வேண்டியிருக்கு, எங்க போகணும்னு சொல்லவே மாட்டேங்குதுன்னா அது ருசி சம்பந்தப்பட்டது, உங்களுக்கு அதுவே ப்ளஸ்ஸா இருக்கலாம். அப்பறம் மேல இருக்கற ஒரு ரிவ்யூவ படிச்சு அதே குறைய அவங்க எப்படி சொல்லிருக்காங்கன்னு தேடுங்க, ரெண்டு பேரும் ஒரே விஷயத்த சொல்லிருந்தா அது கேம்ல உறுதியா இருக்குன்னு எடுத்துக்கலாம்.

இது ஜானருக்கு ஜானர், அதாவது கேம் வகைக்கு வகை கொஞ்சம் மாறும். ஹாரர்ல, பயமும் எரிச்சலும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். 2014ல வந்த ஏலியன் ஐசொலேஷனுக்கு ஐஜிஎன் 10க்கு 5.9, பிசி கேமர் பத்திரிகை 100க்கு 93. நெனச்ச நேரத்துல சேவ் பண்ண முடியாது, சுவத்துல மாட்டிருக்கற ஒரு மெஷின் கிட்ட போய் கார்ட சொருகி சில செகண்ட் நிக்கணும், அந்த செகண்ட்ல ஏலியன் பின்னாடி வந்து கொன்னுட்டா போச்சு, கடைசியா சேவ் பண்ண எடத்துலேர்ந்து திரும்ப. என்னைக் கேட்டா அந்த மெஷின் பக்கத்துல நிக்கற நேரம் தான் ஹாரர் கேம்லயே ஒசத்தியான நேரம், அத எடுத்துட்டா கேம்ல ஒன்னுமே இல்ல. ஆனா வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாடறவருக்கு அரை மணி நேர உழைப்பு போனா கோவம் தான் வரும், அதுவும் நியாயம். ஹாரர் ரிவ்யூல சேவ் எப்படி, செத்தா எவ்ளோ பின்னாடி போகும், எத்தனை மணி நேரம் ஓடும், இந்த மூணையும் தேடி படிங்க.

ஆர்பிஜின்னா எவ்ளோ படிக்கணும்கறது தான் கேள்வி. டிஸ்கோ எலிசியம் 2019ல வந்தப்ப கிரிட்டிக்ஸ் தலைல தூக்கி வெச்சு கொண்டாடினாங்க, 2021ல வந்த அதோட மேம்படுத்தின வெர்ஷன் ஃபைனல் கட் மெட்டாகிரிட்டிக்ல 97. ஆனா அதுல தனியா சண்டை சிஸ்டம்னு ஒன்னு கிடையாது, ஹீரோ மண்டைக்குள்ள இருக்கற 24 ஸ்கில்லும் ஆளுக்கு ஒரு குரல்ல பேசிட்டே இருக்கும், ஆரம்பத்துலயே சீலிங் ஃபேன்ல தொங்கற டையை எடுக்கப் போய் ஹார்ட் அட்டாக்ல சாகலாம். இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா படிக்க பொறுமை இருந்தா மட்டும் வாங்குங்க, இருந்தா இதுக்கு ஈடு கிடையாது. பால்டர்ஸ் கேட் 3 (2023, 96) டர்ன் பேஸ்டு, அதாவது சண்டைல ஆளுக்கு ஒரு முறைன்னு மாத்தி மாத்தி ஆடறது, பகடை உருட்டி தான் எதுவும் நடக்கும், மூணாவது ஆக்ட்ல பக் அதிகம்னு அப்ப பல ரிவ்யூல வந்துச்சு, அதுக்கப்பறம் அத சரி பண்ற பேட்ச் நெறைய வந்தாச்சு. எல்டன் ரிங் (2022, 96) வேற மாதிரி, அதுல ஈஸி மோடே கிடையாது, கிரிட்டிக்ஸ் எழுதினதுல ஆஹா ஓஹோன்னு இருக்கறத விட்டுட்டு ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி கிட்ட எத்தனை தடவ செத்தாங்கன்னு எழுதிருக்கற பாராவ படிங்க, அது உங்களுக்கு உற்சாகமா இருந்தா போதும்.

ஓப்பன் வேர்ல்டுக்கு, அதாவது பெரிய உலகத்துல இஷ்டப்படி சுத்தற கேமுக்கு, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. 2018, 97. அத்தனை மார்க் வாங்கின கேம பாதில விட்டவங்க ஏகப்பட்ட பேர், காரணம் ரிவ்யூலயே இருந்துச்சு, மெதுவா இருக்குன்னு எல்லாருமே எழுதினாங்க, பாராட்டா எழுதினாங்க. கேம்ப்புக்குள்ள ஓட முடியாது, ஒவ்வொரு மான் தோலையும் உரிக்கறத நின்னு பாக்கணும், டிராயர் ஒவ்வொன்னா கையால தெறக்கணும். எனக்கு இது உயிர், ஹீரோ ஆர்தர் கூட வாழ்ந்த மாதிரி இருக்கும். ஆனா 97ங்கற நம்பர் இந்த மெதுவ மறைச்சிடுது, அத எழுத்துல தான் தேடணும்.

ஹேடிஸ் மாதிரி ரோக்லைக்கு, அதாவது செத்தா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கற கேமுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம், ஒரு ரன், அதாவது ஒரு ஆட்டம், அரை மணி நேரம், செத்தா கதை நகரும், டைம் கம்மியா இருக்கறவங்களுக்கு இது தான் பெஸ்ட். அவுட்டர் வைல்ட்ஸ், ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் மாதிரி துப்பு கண்டுபிடிக்கற கேமுக்கு மொத பாரா படிச்சு புடிச்சிருந்தா ரிவ்யூவ மூடிடுங்க, மிச்சத்த படிச்சீங்கன்னா விளையாட்டே போச்சு.

ரேசிங், ஸ்போர்ட்ஸ்ல ரிவ்யூ வந்த தேதிய கட்டாயம் பாருங்க. கிரான் டூரிஸ்மோ 7 2022 மார்ச்ல வந்து கிரிட்டிக்ஸ் கிட்ட நல்ல பேரு வாங்குச்சு, ரெண்டே வாரத்துல ஒரு அப்டேட் போட்டு ரேஸ்ல கெடைக்கற காசை கொறச்சாங்க, ரசிகர்கள் கொதிச்சு போயிட்டாங்க. கிராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃபியூல்டு 2019 ஜூன்ல வந்து ரிவ்யூ எல்லாம் முடிஞ்சப்பறம் ஆகஸ்ட்ல உள்ளுக்குள்ள காசு கொடுத்து வாங்கற சமாச்சாரத்த சேத்தாங்க. இதெல்லாம் ரிவ்யூல எப்படி இருக்கும், எழுதறப்ப அது இல்லவே இல்லையே.

இதுல பெரிய பாடம் சைபர்பங்க் 2077 தான். 2020 டிசம்பர் 10 ரிலீஸ், அதுக்கு முன்னாடி கிரிட்டிக்ஸுக்கு பிசி வெர்ஷன் மட்டும் தான் கொடுத்தாங்க, அவங்க விளையாடினத ரெக்கார்ட் பண்ணி காட்டவும் கூடாது, கம்பெனி கொடுத்த வீடியோவ தான் போடணும். பிசிக்கு மார்க் 86 வந்துச்சு. அத நம்பி பிஎஸ்4ல வாங்கினவங்களுக்கு கெடைச்சது மூஞ்சி லோட் ஆகாத கேம், அங்க மார்க் 57, டிசம்பர் 18ம் தேதி சோனி தன்னோட ஸ்டோர்லேர்ந்தே எடுத்துட்டாங்க, 2021 ஜூன்ல தான் திரும்ப வந்துச்சு. அப்பறம் 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட்டும் ஃபேண்டம் லிபர்ட்டிங்கற கூடுதல் கதையும் வந்து இப்ப தாராளமா வாங்கலாம்ங்கற கேமா மாறிடுச்சு. மெட்டாகிரிட்டிக் மொதல்ல போட்ட மார்க்க தான் எடுத்துக்கும், கிரிட்டிக் பின்னாடி மாத்தினாலும் அங்க மாறாது. அதனால ரிவ்யூ எந்த மிஷின்ல விளையாடி எழுதினதுன்னு பாருங்க, பெரும்பாலும் கடைசில சின்னதா போட்டிருப்பாங்க, உங்க கிட்ட இருக்கறது வேறன்னா எந்த மிஷின்ல எப்படி ஓடுதுன்னு சோதிக்கற டிஜிட்டல் ஃபவுண்டரி வீடியோவ பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பழைய கேம்னா இந்த வருஷம் எழுதினத தேடுங்க.

ரசிகர்கள் போடற ஸ்கோர எப்படி எடுத்துக்கறதுன்னா, மெட்டாகிரிட்டிக்ல இருக்கறத நான் கண்டுக்கறதே இல்ல. தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 2020 ஜூன் 19 ரிலீஸ், கிரிட்டிக்ஸ் 93, முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல ஆகற கேமுக்கு அன்னிக்கே ஆயிரக்கணக்குல பூஜ்யம் விழுந்துச்சு, கதை புடிக்காம போட்டதா விளையாடாமயே போட்டதான்னு எப்படி பிரிக்கறது. அதுக்கப்பறம் தான் ரிலீஸ் ஆகி 36 மணி நேரம் கழிச்சு தான் ரசிகர் ரிவ்யூன்னு கொண்டு வந்தாங்க. பிசி கேம் விக்கற ஸ்டீம் கடை எவ்வளவோ பரவால்ல, வாங்கினவங்க மட்டும் தான் எழுத முடியும், எத்தனை மணி நேரம் விளையாடினாங்கன்னு பக்கத்துலயே இருக்கும். 40 மணி நேரம் விளையாடிட்டு வேணாம்னு எழுதினவர் சொல்றத கேளுங்க, அதுல விஷயம் இருக்கும்.

காலப்போக்குல உங்களுக்குன்னு ஒரு கிரிட்டிக்க புடிச்சு வெச்சுக்கங்க. எப்படின்னா உங்களுக்கு ரொம்ப புடிச்ச கேம் ரெண்டு, பயங்கரமா புடிக்காத கேம் ஒன்னு எடுத்து, அதுக்கு அவர் என்ன எழுதிருக்கார்னு தேடி படிங்க, சைட்ட பாக்காதீங்க, எழுதினவர் பேர பாருங்க, ஏன்னா ஒரே சைட்ல பத்து பேர் எழுதறாங்க. உங்களோட எப்பவும் ஒத்து போறவரா இருக்கணும்னு இல்ல, எப்பவும் நேர்மாறா போறவரும் அதே அளவுக்கு உபயோகம், அவர் திட்டினா நீங்க வாங்கலாம்.

இவ்ளோ பண்ணியும் தப்பா போகலாம், அதுக்கு தான் ரீஃபண்ட். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு கீழ விளையாடிருந்தா காசு திரும்ப கெடைக்கும், அந்த ரெண்டு மணி நேரத்துல கதையில மூழ்கிடாம மொதல்ல செட்டிங்ஸ் மாத்தி உங்க பிசில ஓடுதான்னு பாருங்க, லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 பிசில வந்தப்ப ஷேடர்னு சொல்ற கிராபிக்ஸ் சமாச்சாரம் ரெடி ஆகறதுலயே அந்த நேரத்துல பாதி பல பேருக்கு போயிடுச்சு, அதுவும் கணக்குல சேரும். ரெட் டெட் 2 மாதிரி கேமுக்கு ரெண்டு மணி நேரம்னா ஆரம்பத்துல வர்ற பனிமலைய தாண்டவே சரியா இருக்கும், அதுக்கு ஆஃபர் வரைக்கும் காத்திருக்கறது நல்லது. பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல டவுன்லோட் ஆரம்பிச்சுட்டா பொதுவா ரீஃபண்ட் கெடையாது, அதனால டிஸ்க் டிரைவ் இருக்கற மாடல் வெச்சிருந்தா சந்தேகமான கேம டிஸ்க்கா வாங்குங்க, புடிக்கலன்னா மொத வாரத்துலயே வித்துடுங்க, அப்ப தான் நல்ல விலை கெடைக்கும்.