மாடியில் இருந்துகொண்டு ஹால் ரவுட்டரையே பிடித்துத் தொங்கும் போன்: மெஷ் வைஃபையில் செய்யக் கூடாதவை

வீடு முழுக்க நெட் கிடைக்க, ரவுட்டரோடு சேர்ந்து ஒரே பெயரில் வைஃபை தரும் பெட்டிகளை ஆங்காங்கே வைப்பதுதான் மெஷ்; அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு பாயின்ட். மாடி அறையில் மெஷ் பாயின்ட் கைக்கெட்டும் தூரத்தில் விளக்கெரிய உட்கார்ந்திருக்கும், போன் மட்டும் கீழே ஹாலில் இருக்கிற ரவுட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு வீடியோவைச் சுற்றவிடும். உடனே பலரும் செய்வது, இன்னொரு பாயின்ட் வாங்கி வைப்பது. அதைத்தான் முதலில் செய்யக் கூடாது.

எந்தப் பாயின்ட்டோடு சேர்வது என்பதை முடிவு செய்வது ரவுட்டர் இல்லை, போன். 802.11 கே, வி என்ற வசதிகள் இருந்தால் “பக்கத்திலேயே ஒன்று இருக்கு, அங்கே போயேன்” என்று ரவுட்டர் சொல்லிப் பார்க்கும், அவ்வளவுதான். கேட்பதும் கேட்காததும் போனின் இஷ்டம். ஐபோனை எடுத்துக்கொண்டால், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால்தான் அது வேறு இடம் தேடவே ஆரம்பிக்கும் (டிபிஎம் என்பது சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் கணக்கு என்பதால் 50 நல்லது, 80 மோசம்). தேடிய பிறகும், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபல், சும்மா இருந்தால் 12 டெசிபல் கூடுதலாகக் கிடைத்தால்தான் தாவும். ஆக, ஹால் ரவுட்டர் மைனஸ் 66ல் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை, தலைமாட்டில் மைனஸ் 40ல் ஒன்று இருந்தாலும் அது திரும்பிப் பார்க்காது. பாயின்ட்களை நெருக்கி வைக்க வைக்க இந்தச் சிக்கல் கூடத்தான் செய்யும். மூன்று பாயின்ட் உள்ள பேக் வாங்கியவர்கள் ஒன்றைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். செட்டிங்கில் பவரைக் குறைக்க வழி இருந்தால் அதையும் ஒரு படி குறையுங்கள்.

அடுத்த தவறு, பாயின்ட்டை வைக்கும் இடம். நெட் எட்டாத மூலையிலேயே கொண்டுபோய் வைத்தால், அந்தப் பாயின்ட்டுக்கே கீழிருந்து சரியாகச் சிக்னல் வராது. போனில் கோடுகள் முழுசாகக் காட்டும், வேகம் மட்டும் இருக்காது. அருகில் இருப்பது எப்போதும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதலில் மாடி பாயின்ட்டை இரும்பு பீரோவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி வைத்திருந்தேன். அழகாகத்தான் இருந்தது. பீரோ ஒரு பக்கம், கம்பி போட்ட கான்கிரீட் தளம் இன்னொரு பக்கம், சிக்னல் எங்கே வரும்? படிக்கட்டு ஏறி முடியும் இடத்தில், கீழே ஹால் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டூலில் வைத்த பிறகுதான் ஒழுங்கானது. முடிந்தால் இரண்டுக்கும் நடுவே லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், அதற்கு ஈடு கிடையாது.

ஃபைபர் இணைப்போடு கொடுத்த பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விடுவதும் சகஜம். அந்தப் பெட்டிக்கும் மெஷ்ஷுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் பழைய பெயரைப் போன் ஞாபகம் வைத்திருக்கும், அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். அணைத்துவிடுங்கள், போனிலும் அந்தப் பெயரை அழித்துவிடுங்கள். சிலர் “மேல்”, “கீழ்” என்று மாடிக்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். பெயர் வேறானால் ஒன்று கிட்டத்தட்ட செத்துப்போகும்வரை போன் மற்றதுக்கு மாறாது.

லேப்டாப்புக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. விண்டோஸில் இன்டெல் வைஃபை கார்டு என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘ரோமிங் அக்ரஸிவ்னெஸ்’ (எவ்வளவு சீக்கிரம் வேறு பாயின்ட்டுக்குத் தாவ வேண்டும் என்பது) இருக்கும், அதை ஒரு படி ஏற்றலாம். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை ஐகானைத் தொட்டால் எந்தப் பாயின்ட், எத்தனை டிபிஎம் என்று காட்டும். கோடுகளை எண்ணாமல் இந்த எண்ணைப் பாருங்கள்.

அப்புறம், நகராத சாமான்கள்: டிவி, கேமரா, பிரின்டர். கரண்ட் போய் வந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர் பெறும். ஹால் ரவுட்டர் முதலில் எழுந்துவிடும், மாடி பாயின்ட் அதைக் கண்டுபிடித்துச் சேரச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் மாடி டிவி ஹால் ரவுட்டரோடு சேர்ந்துவிடும், சிக்னல் சுமாராக இருந்தாலும் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். இதற்காக மொத்த மெஷ்ஷையும் அணைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; மறுபடி அதே பந்தயம்தான், அதே டிவிதான் தோற்கும். மெஷ் முழுசாக எழுந்த பிறகு டிவியை மட்டும் பிளக்கில் அணைத்துப் போட்டால் போதும். சில ஆப்களில் ஒரு கருவியை ஒரு பாயின்ட்டோடு கட்டிப்போடும் வசதியும் இருக்கும், இவற்றுக்கு அது சரி. போனுக்கு அதைப் போட்டுவிடாதீர்கள், கீழே இறங்கி வந்தாலும் மாடியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் கரண்ட் வந்ததும் அம்மா படியேறிப் பாயின்ட்டின் விளக்கைப் பார்ப்பார். அது பச்சையான பிறகுதான் டிவி சுவிட்சில் கை வைப்பார்.