குடியை நிறுத்த விரும்புவோர் முதல் கூட்டத்திற்குச் செல்லும் வழி

சபரிமலைக்கு மூன்று ஆண்டுகள் மாலை போட்டேன். மண்டலம் முழுவதும் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் மூன்று முறையும் மாலையைக் கழற்றிய வாரமே கடைக்குப் போய்விட்டேன். விரதம் முடியும் நாள் நாள்காட்டியில் இருந்தது. அதற்கு மறுநாள் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அந்த மறுநாளுக்காக இருப்பவைதான் ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் பிறந்த இந்த அமைப்பு, 1957 முதல் இந்தியாவிலும் இயங்கி வருகிறது.

1. முதலில் மருத்துவர்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் என்றால், கூட்டத்திற்கு முன்பாக மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாதது கண்ணில் தெரிவதும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். இதற்கான மருந்துகள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே கிடைக்கும். சுவரொட்டிகளில் காணும், “அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும்” மருந்துகளை வீட்டார் தயவுசெய்து நாட வேண்டாம். அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது, அதன்மேல் குடித்தால் உடல் எப்படித் தாங்கும் என்றும் தெரியாது.

2. கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் உதவி எண்கள் உள்ளன. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-ஐக் கட்டணமின்றி அழைத்தும் வழி கேட்கலாம். மனநலப் பிரிவின் ஆலோசகரிடமும் விசாரியுங்கள். அழைக்கும்போது ஐந்து விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, தமிழில் நடக்கிறதா, எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும், திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்திற்கு மனைவியோ அண்ணனோ உடன் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டுமே உரியது.

ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டங்கள் இருந்தால், அருகில் இருப்பதைவிட, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் நாளில் நடப்பதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குபவருக்குச் சனிக்கிழமை மாலைதான் கண்டம். அந்த மாலை கையில் பணத்தோடு தனியாக இருப்பதைவிட, இரண்டு பேருந்து மாறியாவது கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது நல்லது. ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறவர், பல்லடத்திலிருந்து கோவைக்குப் போவதுபோல வெளியூர்க் கூட்டத்திற்குப் போகலாம். அங்கே உங்களைப் பார்ப்பவரும் உங்களைப் போலவே வந்தவர்தான்.

3. அன்று மாலை

குடிக்காமல் செல்லுங்கள், பத்து நிமிடம் முன்னதாகச் செல்லுங்கள். என் முதல் கூட்டம் ஒரு பள்ளி வகுப்பறையில் நடந்தது. உள்ளே நுழைய மனமின்றி, வாசலில் கழற்றி விடப்பட்டிருந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாயப்பட்டறையின் நீலம் ஏறிய ரப்பர் செருப்பு ஒன்று, மெருகு குலையாத தோல் செருப்பு ஒன்று, வார் அறுந்து ஊக்குக் குத்தியது ஒன்று. என்னுடையதை எங்கே விடுவது என்று தயங்கியபோது, உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். “வாங்க தம்பி. பேசோணும்னு இல்லீங்க, சும்மா உக்காந்து கேட்டுட்டிருங்க, போதும்” என்றார்.

உண்மையிலேயே அவ்வளவு போதும். பெயரை மட்டும் சொன்னால் போதுமானது. ஊர், சாதி, வேலை எதையும் யாரும் கேட்பதில்லை. கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் தம் கதையைச் சொல்லும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ அறிவுரை கூறுவதோ கிடையாது. அங்கே கேட்டதை வெளியே பேசுவதும் கிடையாது. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளை வாசிக்கும்போது கடவுள் என்ற சொல் வரும். பெரியார் பிறந்த ஈரோட்டிலிருந்து வருபவர் அதைக் கேட்டு முகம் சுளித்தாலும் எழுந்து போய்விட வேண்டாம். “நாம் புரிந்துகொண்டபடி” என்ற சொற்கள் அதனோடு சேர்ந்தே வருகின்றன, நாத்திகர்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி.

கட்டணம் இல்லை. செலவுக்காகச் சுற்றி வரும் பையில் விருப்பமுள்ளவர் ஏதாவது போடுவார். புதியவர் போட வேண்டியதில்லை. சேர்க்கைக் கட்டணம் என்று யாராவது கேட்டால், அது ஏ.ஏ. கூட்டம் அல்ல.

4. வீட்டார்

குடிநோயாளியின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. கணவர் வர மறுத்தாலும் மனைவி தனியே அங்கு செல்லலாம்.

5. அடுத்த வாரம்

ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் கூட்டத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. நான்காவதில்தான் என் கதையையே வேறொருவர் வாயால் கேட்டேன். இடையில் குடித்துவிட்டாலும் திரும்பிச் செல்லுங்கள், யாரும் விரட்டமாட்டார்கள். சில வாரங்கள் பழகியபின், நெடுநாள் குடிக்காமலிருக்கும் ஒருவரை உங்களுக்கு ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக, இருக்கும்படி கேளுங்கள்.

கூட்டம் முடிந்து கிளம்பும் முன் இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்களை வாங்கி, ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கியதும், கம்பெனி வாசலைத் தாண்டுவதற்கு முன்பே, அவற்றில் ஓர் எண்ணை அழையுங்கள்.